பாரிசு நகரில் திருநீறு

அடியேன் காங்கேயத்திற் பிறந்து, தருமபுரத் திருமடத்தைச் சார்ந்து தமிழ் பயின்று, தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன். 2016 முதல் 2024 வரை எட்டாண்டுக் காலம் பிரான்சு நாட்டில் வாழ நேர்ந்தது. என் மகளை மணந்தவர் புதுவையார். 1962-ஆம் ஆண்டு புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்த ஞான்று, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்று எழுதிக் கொடுத்த குடும்பத்தினர். மனைவியை இழந்து தனித்திருந்த என்னை மகள் வற்புறுத்தி அழைத்துக்கொள்ள, பாரிசு நகரின் வடபுறத்து ஊரொன்றில் ஐந்தாம் மாடியிற் குடியேறினேன்.

அங்கு முதலில் இடர்ப்பட்டது என் அனுட்டானம். காலைச் சந்தியும் மாலைச் சந்தியும் ஞாயிற்றை நோக்கி அமைந்தவை அல்லவா? மார்கழித் திங்களில் அந்நகரில் ஞாயிறு எழுவது காலை ஏறத்தாழ 8-45 மணிக்கு. ஆனி மாதத்தில் அது மறைவதோ இரவு 10 மணி அளவில். மாலைச் சந்தி முடித்து உண்ணலாம் என்றிருந்தால் பேரப்பிள்ளை உறங்கிப் பாதி இரவாகிவிடும். முதலாண்டு ஞாயிற்றையே பின்பற்றி உடல் தளர்ந்தேன். இரண்டாமாண்டு கடிகாரத்தைப் பின்பற்றினேன்.

உணவிலும் ஓர் அல்லல் உண்டு. புலால் மறுத்தேம் என்று சொன்னால் அந்நாட்டார் அன்போடு பாலாடைக்கட்டியை எடுத்து நீட்டுவர். அவற்றுட் பல, பால்குடி மாறாத கன்றின் இரைப்பையினின்றும் எடுத்த உறையால் உறையவைக்கப் பெறுவன என்பதை அறிந்த நாள் எனக்கு உணவு செல்லவில்லை. காங்கேயத்தில் மாட்டையும் கன்றையும் மக்களெனக் கண்டு வளர்ந்தவன் வேறென்ன செய்வான்! செடிப் பொருளாலும் நுண்ணுயிராலும் உறையிட்டவையும் கடையில் உள. சீட்டைப் படித்து வாங்க மகள் கற்றுக்கொடுத்தாள். இவ்வளவிற்கும் அந்நாட்டார் கொடியவர் அல்லர். ரொட்டிக் கடையிற் புகுவோர் எவராயினும் 'பொஞ்சூர்' என்று வணக்கம் கூறிய பின்னரே பொருள் கேட்பர்; கூறாது கேட்டால் முகங் கோணுவர். நம்மூர்க் கடைகளில் இவ்வழக்கம் இல்லையே என்று நாணினேன்.

இனிச் சொல்லவந்த பொருளுக்கு வருவேன். நாள்தோறும் முக்குறியாகத் திருநீறு அணிந்து அத்தெருக்களில் நடந்தேன், ஒருவரும் தடுத்திலர். ஆனால் 2019-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், பதினொரு வயது நிரம்பிய என் பேரன் நடுநிலைப் பள்ளியிற் சேர்ந்த சின்னாட்களில், நெற்றியைத் துடைத்துவிட்டு உள்ளே வருமாறு வாயிற்கண் நின்ற மேற்பார்வையாளர் கூறினராம். அந்நாட்டில் 2004-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள் இயற்றிய சட்டமொன்று, அரசினர் பள்ளிகளில் மாணாக்கர் தம் சமயத்தை வெளிப்படக் காட்டும் அடையாளங்களை அணிதலாகாது என்கிறது. விளக்கச் சுற்றறிக்கையில் எடுத்துக்காட்டாகச் சுட்டியவை முகமதியப் பெண்டிரின் தலைத்துணியும், யூதரின் குல்லாயும், அளவிற் பெரிய சிலுவையுமாம். சிறிய அடையாளம் விலக்கன்று. திருநீறு அதிற் பெயர் சுட்டப்படவில்லை. அது சிறிதோ பெரிதோ என்பது காண்பார் கண்ணைப் பொறுத்தது. சீக்கிய மாணவர் சிலர் தலைப்பாகை நீக்க ஒருப்படாமையால் அச்சட்டத்தின்படி பள்ளியினின்றும் விலக்கப்பட்டதுண்டு. அவருள் ஒருவர் திறத்தில், அவ்விலக்கு அவர்தம் சமயவுரிமைக்கு மாறானதென்று ஐக்கிய நாடுகளின் மனிதவுரிமைக் குழு 2012-இல் கருத்துரைத்தது. ஆயினும் சட்டம் மாறவில்லை.

தண்டனைக்கு முன் மாணாக்கனோடு உரையாடல் வேண்டுமென்பதும் அச்சட்டத்திலேயே உள்ள விதி. அவ்வாறே பெற்றோரை அழைத்துப் பேசினர். மகள் திரும்பிவந்து, "இனிப் பள்ளி வாயிலில் துடைத்துக்கொள்வான், அப்பா, நான் ஒப்புக்கொண்டேன்" என்றாள்.

எனக்குப் பெருஞ்சினம் மூண்டது. மெய்ப்பொருள் நாயனார் தம்மைக் குத்தியவனையும் நீறு பூசியிருந்தான் என்பதற்காகக் காத்தார். ஏனாதிநாதர் பகைவன் நெற்றியில் நீறு கண்டு அவனைக் கொல்லாது நின்றார். உன் பிள்ளை ஒரு வாயில் கடத்தற்காக அதனைத் துடைப்பதோ என்று கடிந்தேன். அவள் அஞ்சினாளல்லள். "முத்தநாதன் நெற்றியிலும் நீறுதானே அப்பா இருந்தது? நாவரசரை நீற்றறையில் இட்டது எதனால்? அரசன் ஒரு சமயத்தின் பக்கம் நின்றதனால். இந்நாட்டிலும் அப்படி நின்று ஆயிரக்கணக்கில் வெட்டி மாய்ந்தார்கள். அதற்குப் பின் வந்த ஏற்பாடு இது" என்றாள். அவள் குறித்தது 1572-இல் பாரிசு நகரில் கத்தோலிக்கர் புராடெசுடண்டாரைக் கொன்ற நிகழ்ச்சி. நெடுங்காலப் போராட்டத்தின் முடிவில், 1905-இல் அரசையும் திருச்சபைகளையும் சட்டத்தாற் பிரித்துவைத்தனர். அரசு நடுநிற்றல் வேறு, பதினொரு வயதுச் சிறுவன் நெற்றி வேறு என்பது அன்றும் இன்றும் என் கருத்து. ஆயினும் நான் கற்பித்த பெரியபுராணத்தைக்கொண்டே என்னை மடக்கினாள் என்ற நாணத்தால் இரண்டு நாள் அவளோடு பேசாதிருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை பேரன் என் அருகில் வந்தமர்ந்தான். "அப்பிச்சி, திருநீறு பூசும் இடம் பதினாறு என்று சொன்னீர்களே, அதில் நெற்றி ஒன்றுதானே வெளியே தெரியும்? மற்றப் பதினைந்தும் சட்டைக்குள்தானே?" என்றான். உச்சி, நெற்றி, மார்பு, கொப்பூழ், முழந்தாள் இரண்டு, புயமிரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, விலாப்புறம் இரண்டு, முதுகு, கழுத்து என்று வினாவிடைப் பாடமாக அவனுக்கு ஓதுவித்தவன் யானே. உச்சியும் சட்டைக்குள் அடங்காதே கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். குளிருக்கு அவன் அணியும் கம்பளிக் குல்லாய் நினைவுக்கு வர, அடங்கினேன். மறுநாள் முதல் மார்பிலும் புயங்களிலும் நிறையப் பூசி அதன்மேற் சட்டை அணிந்தான். அதன் கழுத்துச் சீட்டில் இந்தியாவிற் செய்ததென்று எழுதியிருந்தது; எங்கள் திருப்பூர்ப் பின்னலாடையாகவே இருக்கலாம்.

எனினும் மனம் அமைதியுறவில்லை. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலநீங்கிய உயிர் அடியாரோடு இணங்கி நின்று, அவர் பூண்ட வேடத்தையும் திருக்கோயிலையும் சிவமெனவே கண்டு வழிபடல் வேண்டுமென்கிறது. சட்டைக்குள் மறைந்த வேடத்தை யார் காண்பார், யார் வழிபடுவார்? பூசுவார்க்கு அது பயன் தருமென்பதில் ஐயமில்லை. காண்பார்க்கு அப்பயன் இழப்பன்றோ? இதனைப் பலநாள் எண்ணினேன். சேரமான் பெருமாள் வணங்கியது திருநீற்றையன்று, வண்ணான் உடம்பில் உலர்ந்து வெளுத்த உவர்மண்ணை. நீறேயல்லாத ஒன்று நீற்றை நினைப்பித்தது. நினைக்கும் நெஞ்சு அவரிடம் இருந்தது. நாற்பதாண்டு நெற்றி நிறையப் பூசித் திரிந்த என்னிடம் அந்நெஞ்சு இருந்ததா என்று வினவிக்கொண்டேன். எங்கள் ஊரிற் கடைவீதியில் நீறணிந்து எதிர்வருவோரைக் கண்டு ஒருநாளேனும் உள்ளங் கசிந்தேனா? தேங்காய் விலை பேசியே கடந்து போயிருக்கிறேன்.

ஒருநாள் காலை அவனறியாது பின்சென்றேன். பள்ளி வாயிலுக்குச் சற்று முன்பு அவன் சுவரோரம் ஒதுங்கி, வெண்ணிறக் கைக்குட்டை ஒன்றை எடுத்து, நெற்றியைத் துடைத்து, அதனை நான்காக மடித்துத் தனிப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போயினான். மாலையில் வந்ததும் அக்கைக்குட்டையை மாடி முகப்பில் நாங்கள் தொட்டியில் வளர்த்த துளசியின் அடியில் உதறினான். திருநீறு நிலத்திற் சிந்தி மிதிபடலாகாது என்று என்றோ சொல்லியிருந்தேன். அன்றிரவு மகளை அழைத்து, சோறு போடம்மா என்றேன்.

மற்றொன்றையும் குறிக்கவேண்டும். 2020-ஆம் ஆண்டு பெப்ரவரி 26-ஆம் நாள், மகாசிவராத்திரி கழிந்து ஐந்தாம் நாள், எங்கள் மாடிக்குக் கீழே வாழ்ந்த பிரெஞ்சு மூதாட்டியார் படிக்கட்டில் எதிர்ப்பட்டார். அவர் நெற்றியில் சாம்பலால் சிலுவைக் குறி! கத்தோலிக்கர் நோன்பு தொடங்கும் சாம்பற் புதன்கிழமை அது. முன்னாண்டுக் குருத்தோலைகளைச் சுட்ட சாம்பலைக் குருவானவர் இடுவாராம். மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே திரும்புவான் என்று நினைப்பூட்டுதற்கு அது. அவர் என் நெற்றியைக் காட்டிச் சிரித்து, தமக்கு ஆண்டில் ஒருநாள், எனக்கு நாள்தோறுமோ என்றார். ஆம் என்றேன். என் பிரெஞ்சுக்கு அவ்வளவே இயன்றது. மூன்று வாரத்துள் பெருந்தொற்றால் நாடே கதவடைத்தது. பின்னர் முகக்கவசம் இட்டுத் திரிந்த காலத்தில் எல்லார்க்கும் வெளித்தெரிந்தது கண்ணும் நெற்றியுமே என்பது எனக்கு நகையை விளைத்தது.

அந்நாட்டுத் தெரு வேறு, பள்ளி வேறு. லா சப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் 1985-இல் நிறுவிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், ஆகஸ்டு இறுதியை ஒட்டிய ஞாயிறொன்றில் வீதி வருகிறது. போர்க்கொடுமையால் உடைமையெல்லாம் இழந்து போந்தவர் தேரை இழந்திலர். காவலர் ஊர்திகளை நிறுத்தி வழிவிட, தேங்காய்கள் குவியல் குவியலாக உடைபட, மஞ்சள்நீர் தெருவில் ஓட, பிரெஞ்சு மக்களும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் காண்பர். அக்கூட்டத்தில் என் பேரன் பதினாறிடத்தும் நீறணிந்து, மேலாடை களைந்து வடம் பிடித்தான். தெரியாத முதியவர் ஒருவர், யாழ்ப்பாணத்தவர்போலும், அவனைக் கண்டதும் நின்று கைகூப்பினார். சிறுவன் திகைத்து என்னைப் பார்த்தான். யான் அம்முதியவரைக் கைகூப்பினேன்.

இப்பொழுது காங்கேயம் திரும்பிவிட்டேன். பேரன் மேல்வகுப்பிற் பயில்கிறான். அண்மையில் தொலைபேசியில், கடையில் விற்கும் நீறு மணம் ஊட்டியதாய் இருக்கிறது, ஊரில் செய்தது வேண்டும் என்றான். சிவராத்திரியன்று, பக்கத்துத் தோட்டத்து மயிலைப் பசுவின் சாணத்தை உருட்டி உலர்த்தி, உமியில் மூட்டமிட்டு எடுத்து, துணியிற் சலித்து, அரைக் கிலோ அஞ்சலகத்துக்குக் கொண்டுபோனேன். சுங்கச் சீட்டில் உள்ளிருக்கும் பொருள் யாதென்று எழுதவேண்டும். சாம்பல் என்று எழுதினால் இறந்தார் எலும்புச் சாம்பலோ என்று ஐயுறுவர் என்றார் அங்கிருந்த எழுத்தர். தூள் என்று எழுதினாலோ அதனினும் வம்பு. இருவரும் சிறிதுநேரம் ஆராய்ந்தோம். அவர் தாமும் நீறணிந்தவர். முடிவில் பிரெஞ்சு எழுத்தில் 'விபூதி' என்றே எழுதினேன். பத்தொன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தது.