சாளையும் ஃபெரிட்டினும்

ஜூன் 9, 2025, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம். ஆண்டுதோறும் ஜூனில் இப்படித்தான். புது வகுப்பு டீச்சர் "ஒரு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறான்" என்று சொல்லியனுப்புவார்; பெற்றோர் குழந்தைகள் நல மருத்துவரிடம் ஓடிவருவார்கள்; அவர் பார்த்துவிட்டு, சாப்பாட்டு விஷயத்துக்காக என் அறைக்கு அனுப்புவார். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) என்ற சொல் இப்போது தூத்துக்குடியில் எல்லாருக்கும் தெரிகிறது. அதற்கு என்ன தின்னக் கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

மணப்பாட்டிலிருந்து ஏழு வயதுப் பையன். அம்மாவும் ஆச்சியும் கூட வந்திருந்தார்கள். அம்மா கட்டைப்பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். ஒமேகா-3 மாத்திரை, துத்தநாக சிரப், மூளை வளர்ச்சிக்கு என்று அச்சிட்ட மாவு டப்பா, வல்லாரை மாத்திரை. அவன் அப்பா குவைத்திலிருந்து அனுப்பும் பணத்தில் மாதா மாதம் வாங்குகிறார்கள்.

"இதுல எதைக் கொடுக்கணும், எதை நிறுத்தணும், மேடம்?"

நேற்று என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன். காலையில் டீயும் ரஸ்க்கும். வேன் ஏழரைக்கு வந்துவிடும். மதியத்துக்குக் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம் பாதி திரும்பி வந்தது. சாயங்காலம் மஞ்சளாக ஒட்டும் பாக்கெட் தீனி. ராத்திரி தோசை. மீன்? "முள்ளு தொண்டையில சிக்கிரும்னு பயம். கொடுக்கிறதில்ல." மணப்பாட்டுப் பிள்ளை! எனக்கு உண்மையிலேயே மனசு கனத்துவிட்டது.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. தூக்கத்தில் காலை உதைத்துக்கொண்டே இருப்பானாம். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லி மருத்துவருக்குக் குறிப்பு எழுதினேன். காய்ச்சலோ சளியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால், அவனுக்கு இருக்கும் இருமல் அடங்கியபின் ரத்தம் எடுக்கலாம் என்றும் சேர்த்தேன். அதுவரை அவன் வாயில் போவதையும், தூங்குவதையும், நடந்துகொள்வதையும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

இரும்பைப் பற்றி ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அந்த அம்மாவுக்கு நேற்று முழுதாகச் சொல்ல நேரமில்லை. இங்கே எழுதிவைத்தால் அடுத்த முறை தெளிவாகச் சொல்வேன்.

கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதில் டோபமினுக்குப் பெரிய பங்கு. அதை மூளை தயாரிக்கும்போது வேலை செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடம்பின் சேமிப்பு வற்றியிருக்கலாம். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். 2004-ல் பிரான்சில் கொனோஃபால் குழுவினர் ஏடிஎச்டி உள்ள 53 பிள்ளைகளைப் பார்த்தார்கள். 84 சதவீதத்தினருக்கு ஃபெரிட்டின் 30-க்குக் கீழே. ஒப்பிட எடுத்த 27 பிள்ளைகளில் 18 சதவீதம்தான். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லவில்லை. இரும்பு கொடுத்தால் ஏடிஎச்டி போய்விடும் என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை.

ஆனால் நம் ஊரில் கணக்கு வேறு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து ஒன்றாம் வகுப்பில் உட்காருகிறார்கள். ரத்தம் குறைந்த பிள்ளைக்கு ஏடிஎச்டி இல்லாவிட்டாலும் கவனம் சிதறும். இருந்தால் இரட்டிப்புப் பாரம். இதைப் பார்க்காமல் மூளை மாவு விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஜூன் 12, வியாழன்

இன்று வந்தவர் நன்றாகப் படித்த தாய். பாலை நிறுத்திவிட்டார், கோதுமையை நிறுத்திவிட்டார், முட்டை, சர்க்கரை, தக்காளி எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை போன கோடையைவிட இரண்டு கிலோ குறைந்து நிற்கிறது. "சக்கரை சாப்பிட்டா இவன் ஆடுற ஆட்டத்தை நீங்க பாக்கணும்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்காக எதையும் விடத் தயாராக இருக்கிற தாய். 1994-ல் ஹூவர், மிலிச் என்ற இருவர் செய்த பரிசோதனையைச் சொன்னேன். சர்க்கரை பட்டால் மகன் துள்ளுவான் என்று நம்பிய தாய்மார்களை, ஐந்து முதல் ஏழு வயது வரையான 35 பையன்களோடு அழைத்தார்கள். எல்லாப் பையன்களும் குடித்தது சர்க்கரையே இல்லாத பானம். பாதித் தாய்மார்களிடம் மட்டும் "சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். அந்தத் தாய்மார்கள்தான் மகன் அதிகம் துள்ளியதாகக் குறித்தார்கள். அவனை விட்டு நகராமல், அதிகம் கண்டித்தார்கள். அடுத்த ஆண்டு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் சர்க்கரைக்கும் நடத்தைக்கும் தொடர்பு தெரியவில்லை. பல்லுக்காகவும் பசிக்காகவும் சர்க்கரையைக் குறைக்கலாம். பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டை மறுத்துப் பிள்ளையை ஒதுக்கி உட்காரவைக்கத் தேவையில்லை.

சாயம் வேறு விஷயம். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒவ்வாமை மருத்துவர் ஃபைன்கோல்ட் 1970-களில் செயற்கைச் சாயத்தையும் சாலிசிலேட் உள்ள பழங்களையும் சேர்த்து விலக்கச் சொன்னார். அவர் சொன்ன அளவுக்குப் பலன் பிறகு கிடைக்கவில்லை. ஆனால் 2007-ல் சவுத்தாம்ப்டனில் மூன்று வயது, எட்டொன்பது வயதுப் பிள்ளைகளுக்குச் சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்ததில், சராசரியாகச் சிறிதளவு துறுதுறுப்பு கூடியது. அவர்கள் ஏடிஎச்டிக்கென்று பொறுக்கியெடுத்த பிள்ளைகள் அல்லர், சாதாரணப் பிள்ளைகள். 2010 ஜூலை முதல் ஐரோப்பாவில் அந்த ஆய்வில் சோதித்த ஆறு சாயங்கள் உள்ள உணவின் மேல் எச்சரிக்கை வாசகம் போடவேண்டும். அவற்றில் டார்ட்ரசினும் சன்செட் யெல்லோவும் நம் கடைப் பாக்கெட்டுகளிலும் உண்டு. இவற்றை விட்டால் பிள்ளைக்கு எந்தச் சத்தும் குறையாது. அதனால் தயங்காமல் விடச் சொல்கிறேன்.

பால், கோதுமை, முட்டை அப்படியல்ல. நெதர்லாந்தில் பெல்சர் குழு மிகச் சில உணவுகளை மட்டும் கொடுத்து ஐந்து வாரம் நடத்திய ஆய்வில் சில பிள்ளைகள் தெளிந்தார்கள் என்பது உண்மை. அது வல்லுநர் மேற்பார்வையில், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் முறை. வீட்டில் காலவரையில்லாமல் தட்டைக் காலி செய்வது வேறு. முட்டையும் பாலும் நாளையே திரும்ப வரட்டும் என்றேன். அழுதுவிட்டார்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார். மீன் எண்ணெய் மாத்திரைக்கு நான் பரிந்துரை எழுத வேண்டுமாம். முன்பக்கம் 1000 மில்லிகிராம். பின்பக்கம் பார்த்தால் இபிஏ 180, டிஹெச்ஏ 120. மீதியெல்லாம் மற்ற கொழுப்பு.

ஒமேகா-3 பயனற்றது என்று நான் சொல்லவில்லை. 2011-ல் 699 பிள்ளைகள் கொண்ட பத்து ஆய்வுகளைத் தொகுத்ததில் சிறு பலன் தெரிந்தது, பலனின் பருமனைச் சொல்லும் அளவுகோலில் 0.3 அளவு. ஏடிஎச்டிக்கு மருத்துவர்கள் எழுதும் மெத்தில்ஃபெனிடேட் மருந்துக்கு அதே அளவுகோலில் 0.8-ஐ ஒட்டி வருகிறது. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி 2018-ல் ஏடிஎச்டிக்காகக் கொழுப்பமில மாத்திரையைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. மாதச் சம்பளம் இழுபறியில் இருக்கும் வீட்டுக்கு இதை எழுதிக் கொடுக்க என் கை வராது.

ஜூன் 17, செவ்வாய்

கோவில்பட்டிப் பிள்ளை, பத்து வயது. ஓடுவதில்லை, ஆடுவதில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனாலேயே பல வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. மெத்தில்ஃபெனிடேட் தொடங்கியபின் நோட்டு நிரம்புகிறது, டிபன் டப்பா மட்டும் அப்படியே திரும்புகிறது.

மருந்து மதியப் பசியை அடக்கும். ஆகவே மாத்திரைக்கு முன்பே நல்ல காலைச் சாப்பாடு: இரண்டு முட்டையோடு தோசை, அல்லது நெய் விட்ட பொங்கலும் சாம்பாரும். மதியம் கட்டாயப்படுத்தக் கூடாது. கொஞ்சம் தயிர்சாதம் போதும். மாலையில் பசி திரும்பும். அப்போது சுண்டல், வாழைப்பழம், அவள் ஊர்க் கடலைமிட்டாய். இரவு இன்னொரு முழுச் சாப்பாடு. உயரமும் எடையும் தவறாமல் பார்த்து வரவேண்டும்.

தாத்தா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மாத்திரைக்குப் பதிலா வல்லாரை கொடுத்தா என்னம்மா?" வல்லாரைத் துவையல் நல்ல கீரைத் துவையல், தாராளமாகச் செய்யுங்கள் ஐயா; மருந்தின் இடத்தில் வைக்க ஆதாரம் இல்லை என்றேன். பெயர் தெரியாத பொடிகள் வேண்டவே வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். 2004-ல் பாஸ்டன் கடைகளில் விற்ற ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் பிள்ளையின் கவனத்தையே கெடுக்கும் விஷம்.

ஜூன் 23, திங்கள்

மணப்பாட்டுப் பையனின் ரத்த முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 11.2. ஃபெரிட்டின் 9. மருத்துவர் அவன் எடைக்குக் கணக்கிட்டு இரும்பு சிரப் எழுதினார், குடற்புழுவுக்கு ஆல்பெண்டசோலும்.

சிரப்பைப் பாலோடும் டீயோடும் கொடுக்கக் கூடாது, எலுமிச்சைச் சாற்றோடு கொடுக்கலாம். மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். பாட்டிலைப் பிள்ளை கைக்கு எட்டாமல் பூட்டிவைக்க வேண்டும். இரும்பை அளவு மீறிக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. துத்தநாக சிரப் நிற்கட்டும், இரண்டும் ஒன்றையொன்று உறிஞ்ச விடாது. காலை டீ போய் முட்டையும் கேழ்வரகுத் தோசையும் வரட்டும். மாவு டப்பாவின் காசுக்கு முட்டையும் மீனும் வாங்கலாம்.

மீன் என்றதும் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாளைய மண்சட்டியில புளி ஊத்தி மெதுவா வேகவச்சா முள்ளு மாவாயிரும், தாயி. இவளுக்கு அது தெரியாது." குக்கரில் வைத்தாலும் சரிதான். முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். சிறிய மீன் என்பதால் பாதரசமும் குறைவு. தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விசைப்படகுகளும் போய்வருகின்றன. வாரம் இரண்டு மூன்று நாள் கஷ்டமில்லை. ஒமேகாவுக்கு இனி மாத்திரை எதற்கு?

அம்மா கடைசியில் கேட்டார்: "இதெல்லாம் செஞ்சா அந்த ஏடிஎச்டி மாத்திரை வேண்டாமே, மேடம்?"

வெறும் வயிறும் ரத்தக் குறைவும் சேர்த்த கஷ்டம் சாப்பாட்டால் குறையும், தூக்கமும் தேறலாம். ஏடிஎச்டி அதோடு போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பெற்றோருக்கான பயிற்சி வகுப்பை இப்போதே தொடங்குங்கள். மருத்துவர் மருந்து வேண்டும் என்றால், சாப்பாட்டைக் காரணம் காட்டி ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள் என்றேன். அவர் பேசவில்லை. "சரி தாயி" என்று ஆச்சிதான் சொன்னார்.

காலை இடைவேளையில் அவனைச் சாப்பிட விடும்படி வகுப்பு டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். செப்டம்பர் கடைசியில் ஃபெரிட்டின் மறுபடி பார்க்க வேண்டும்.