தாளம் தவறிய மாதங்கள்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையைச் சற்றே அடக்கி வைத்தவன் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன்.

காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். முஹர்ரம், ஸபர் என்று தொடங்கும் பன்னிரண்டு பிறை மாதங்களும் அவர்கள் மனத்தில் நிற்க ஒரு பாட்டுக் கட்டினேன். தட்டுக்கு ஒரு மாதம். சுற்றுக்கு நான்கு தட்டு. மூன்று சுற்றில் ஓர் ஆண்டு. சோற்றுத் தட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டோம். இரண்டே நாளில் எல்லோருக்கும் பாடம்!

அச்சிறுவனின் வாப்பா, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டவர். "இருபத்து நாலு மாசத்தில் வந்துடுவேன்" என்று சொல்லிப் போயிருந்தார். "பாட்டு இரண்டு முறை சுற்றினால் வந்துவிடுவார்" என்று நானும் சொல்லி வைத்தேன். இரண்டாம் பெருநாளுக்கு மறுநாள் புதுச்சட்டையோடு பையன் வாசலில் காத்திருந்தான். யாரும் வரவில்லை.

"ராத்தா, உங்க பாட்டு பொய்!" என்று அழுதான்.

பிழை என்னுடையதுதான். பிறை மாதத்துக்கு 29 அல்லது 30 நாள். ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். வாப்பாவின் ஒப்பந்தமோ ஆங்கில மாதக் கணக்கு. இரண்டு ஆண்டில் ஏறத்தாழ 22 நாள் வித்தியாசம்! என் பாட்டில் வரிசை இருந்தது, அளவு இல்லை.

இசைக்கும் அளவுதானே உயிர்? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கண் இமைக்கும் பொழுது, கை நொடிக்கும் பொழுது என்று மாத்திரைக்கு அளவு சொன்னது தொல்காப்பியம். நெடிலைக் குறுக்கினால் சந்தம் ஒடிந்துவிடும். சந்தம் கொழிக்கத் திருப்புகழ் பாடிய காசிம் புலவரின் ஊரில் இருந்துகொண்டு இதை மறந்தேனே!

ஆய்வுக்கூடப் பாடம் கைகொடுத்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி ஊசலாக்கினேன். இப்பக்கமிருந்து அப்பக்கம் போக ஒரு வினாடி. 60 தட்டில் ஒரு நிமிடம். 24 நிமிடம் ஒரு நாழிகை. 60 நாழிகை ஒரு நாள். பிறை மாதத்துக்கு ஒன்று, ஆங்கில மாதத்துக்கு ஒன்று என இரண்டு பாட்டுகள் கட்டி, ஒவ்வொரு மாதத்தோடும் அதன் நாள்களையும் சேர்த்துப் பாடினோம்.

பையன் சுவரில் நாளுக்கொரு கோடு போட்டான். 22 கோடுகள் விழுந்தன. வாப்பா வந்து சேர்ந்தார்.

எழுதப் படிக்கத் தெரியாத என் உம்மா அன்றிரவு சொன்னார்கள்: "நாங்களும் பிறை பார்த்துத்தான் கணக்கு வைப்போம். ஆனா, எந்த மாசக் கணக்குன்னு முதல்ல கேட்டுக்குவோம்."

படித்த நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.