தோளளவு தழை, கோலியளவு கிழங்கு

சென்ற நவம்பரில் அப்பாவின் உருளைக்கிழங்குச் செடிகள் அவருடைய தோளைத் தொட்டுவிட்டன. ஈசூன் வீவக வீட்டின் ஆறாவது மாடித் தாழ்வாரத்தில், காலி அரிசிப் பைகள் ஒன்பதில் மண் நிரப்பி நட்டிருந்தார். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் அளவுநாடா பிடித்துப் பைகளைச் சுவரோரம் ஒட்டி அடுக்கியிருந்தார். சாய்ந்த தண்டுகளுக்கு மூங்கில் குச்சி, குச்சிக்கு நைலான் கயிறு. பக்கத்து வீட்டு மக்சிக் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். எதிர் புளோக் அங்கிள் ஒருவர் மின்தூக்கியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “உங்கப்பா எப்ப தோண்டுவார்?” என்று ஆங்கிலத்தில் கேட்பார்.

அப்பா தோண்டுவதாக இல்லை. “இன்னும் வளருது பாரு. மேலே இவ்வளவுன்னா கீழே எவ்வளவு இருக்கும்!”

அக்டோபரிலிருந்தே எனக்குச் சந்தேகம். உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி உயர்ந்தால் கீழே ஒன்றும் இருக்காது என்று படித்திருந்தேன். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அம்மா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூரிக்கு அம்மா செய்யும் கிழங்கு மசாலா நின்று போனதும், கூடையில் முளைவிட்டுக் கிடந்த கிழங்குகளைத்தான் அப்பா எடுத்து நட்டிருந்தார். அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகவே காலையில் எழுந்தார். அதைப் போய் எப்படிச் சொல்வது?

டிசம்பர் பள்ளி விடுமுறையில் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். அப்பாவையும் என் ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். கல்யாணம் முடிந்ததும் ஊட்டிக்கு மூன்று நாள். செடிகளை மக்சிக்கிடம் ஒப்படைத்து, எந்தப் பைக்கு எத்தனை குவளைத் தண்ணீர் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அப்பா கிளம்பினார்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு மலை ரயில். 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். சிங்கப்பூரில் ஐந்து மணி நேரம் ரயிலில் உட்கார்ந்தால் தீவை எத்தனை முறை சுற்றலாம் என்று மகன் கணக்குப் போட்டான். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்சட்டத்தைக் கவ்விக்கொண்டு இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, வண்டி ஏறத் தொடங்கியது. சுமார் 330 மீட்டர் உயரத்தில் வியர்த்துக்கொண்டு ஏறியவர்கள், 2,200 மீட்டரில் உள்ள ஊட்டியில் இறங்கும்போது அப்பாவின் காதுகளை மஃப்ளரால் மூடிவிட்டோம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே கேத்தி நிலையத்தில் வண்டி நின்றபோது, கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகத் தோட்டங்கள். எதிர் இருக்கைக்காரர் சன்னல் வழியே கையை நீட்டி, “கேரட், பீட்ரூட், பூண்டு, அதோ அந்தப் பக்கம் கிழங்கு” என்றார்.

கிழங்கு என்றால் இந்த மலையில் உருளைக்கிழங்குதான். தமிழ்நாட்டுச் சந்தைகளில் ‘ஊட்டிக் கிழங்கு’ என்று தனி விலைக்கு விற்பது இதைத்தான். 1820களில் கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் குடியேறி ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிர்செய்து பார்த்தார். அப்போது இங்கே வேர்பிடித்த பயிர்களில் உருளைக்கிழங்கும் ஒன்று. ஊருக்கு அருகே முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1957லிருந்து இயங்குகிறது.

“நாளைக்கு அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகலாமா?” என்று அப்பாவே கேட்டார். தாவரவியல் பூங்காவும் படகு இல்லமும் என் பட்டியலில் இருந்தன. இரண்டையும் அடித்துவிட்டேன்.

மறுநாள் காலை டாக்சி ஓட்டுநர் தனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். ஆகஸ்டில் நட்ட போகம், அறுவடை நடந்துகொண்டிருந்தது. தோட்டக்கார அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் கொத்து. ஒரு வரிசையைக் கிளறிவிட்டால் பின்னாலேயே இரண்டு பெண்கள் கிழங்கைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்கள். கறுப்பு மண்ணிலிருந்து மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒவ்வொன்றாக வெளியே வரும்போது என் மகன் ஒவ்வொரு முறையும் கத்தினான்.

அப்பா கிழங்கைப் பார்க்கவில்லை. பிந்தி நட்டு இன்னும் பச்சையாக இருந்த அடுத்த பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செடிகள் அவர் முழங்காலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். இலை அகலமாக, கரும்பச்சையாக, ஒன்றோடொன்று நெருங்கி மண்ணை மூடியிருந்தன.

“இது குட்டை ரகமாம்மா?” என்றார்.

“இல்லீங்கய்யா, கிழங்குச் செடி இவ்வளவுதான் வரும்.”

“எங்க வீட்டுல இதோ, இங்க வரைக்கும் இருக்கு.” தோளைத் தொட்டுக் காட்டினார்.

அந்த அம்மா கொத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். “ஐயா, அது தழைக்குப் போயிருச்சு. எந்த ஊருங்க?” சிங்கப்பூர் என்றதும், “அங்க ராத்திரி குளிருமா?” என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் இரவில் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம் என்றேன்.

“அப்புறம் எப்படிங்க கிழங்கு பிடிக்கும்?”

நான் படித்திருந்ததும் அதுதான். உருளைக்கிழங்கு நமக்குக் கிழங்காகத் தெரிந்தாலும் உண்மையில் அது வேர் அல்ல. மண்ணுக்குள் ஓடும் ஒரு கிளைத்தண்டின் நுனி வீங்கியது. இலை பகலில் சமைக்கும் உணவு மேலே போவதா, கீழே போவதா என்பதைப் பெரும்பாலும் இரவின் குளிர்ச்சி முடிவுசெய்கிறது. இரவு 15 முதல் 18 டிகிரி வரை இருந்தால் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். 20ஐத் தாண்டினால் குறையத் தொடங்கும். 25ஐ நெருங்கினால் பெரும்பாலான ரகங்களில் ஏறக்குறைய நின்றே போகும். ‘கிழங்கு கட்டு’ என்று இலையிலிருந்து கீழே போகும் புரதச் சமிக்ஞை சூட்டில் பலவீனமாகிவிடுகிறது. ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஊக்கியோ சூட்டில் பெருகித் தண்டை நீட்டுகிறது. ஆண்டிஸ் மலையின் குளிரில் பிறந்த செடிக்கு நம் தாழ்வாரம் முடிவே இல்லாத கோடை. சேமிக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. உத்தரப் பிரதேசம், வங்காளம் போன்ற சமவெளிகளிலும் இது குளிர்காலப் பயிராகத்தான் விளைகிறது.

அந்த அம்மா இதோடு விடவில்லை. என்ன உரம் என்று கேட்டார். கோழி எரு, அதற்கு மேல் வாரம் ஒரு முறை நீல நிற உரத் தண்ணீர் என்றார் அப்பா. “யூரியா ஜாஸ்தி போட்டா எங்களுக்கும் இப்படித்தான் ஆகும். தழைச்சத்தை நடும்போது குடுத்துட்டு, மண் அணைக்கும்போது இன்னும் கொஞ்சம். அப்புறம் நிறுத்திரணும். கிழங்குக்குச் சாம்பல்சத்துதான் வேணும்.” வெயில் படுமா என்று கேட்டார். காலையில் இரண்டு மணி நேரம், அதுவும் சாய்வாக. நிழலில் வளரும் செடி வெளிச்சத்தைத் தேடி நீளும், தண்டு மெலியும், இலைக்கு இலை இடைவெளி கூடும். மூன்று காரணங்களும் ஒன்பது பைகளிலும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

“நுனியைக் கிள்ளிவிட்டா கீழே இறங்குமா?” அப்பா கடைசியாகக் கேட்ட கேள்வி.

“கிள்ளாதீங்க. இலைதானுங்க அதுக்கு அடுப்பு. கிள்ளினா இருக்கிற கொஞ்சச் சத்தையும் புதுத் துளிருக்குச் செலவு பண்ணிரும். தண்டைச் சுத்தி மண்ணை ஏத்தி விடுங்க. தழையை அறுக்கிறது, எடுக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான். தோல் கெட்டிப்படுறதுக்கு.”

அப்பா தலையாட்டினார். பிறகு, அந்த அம்மாவிடம் சொல்வதுபோல மெதுவாக, “பை ஓரத்துல புதுசு புதுசா குருத்து வந்துச்சு. கன்னு வைக்குதுன்னு நெனச்சேன்” என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவை கன்றுகள் அல்ல. கிழங்காக வேண்டிய கிளைத்தண்டுகள் சூட்டில் மனம் மாறி, மண்ணைக் கிழித்துக்கொண்டு இலையாக வெளியே வந்தவை.

கிளம்பும்போது அவர் கை நிறையச் சின்னக் கிழங்குகளை நீட்டினார். அப்பா அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அறைக்கு வந்ததும் நான்தான் வில்லியானேன். இந்த மலை மண்ணில் கிழங்கைத் தாக்கும் நூற்புழு இருப்பது 1961இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் புழுவின் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மண் ஒட்டிய விதைக்கிழங்கை விமானத்தில் கொண்டுபோவது யாருக்கும் நல்லதில்லை. விடுதிச் சமையற்காரரிடம் கொடுத்தோம். இரவு பொரியலாக வந்தது. அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா போன பிறகு அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றார் கை கழுவும்போது.

“தெரியும்பா.”

“எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான். அதான் தோண்டல.”

ஊர் திரும்பிய வாரமே தாழ்வாரத்தில் செய்தித்தாளை விரித்து ஒன்பது பைகளையும் கவிழ்த்தோம். எதிர் புளோக் அங்கிளும் வந்து நின்றார். மொத்தம் 14 கிழங்குகள். பெரும்பாலானவை கோலிக்குண்டு அளவு. ஒன்று மட்டும் கோழிமுட்டை அளவு. சமையலறைத் தராசில் 310 கிராம். இரண்டு பச்சையாக இருந்தன. வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனின் என்ற நஞ்சு சேர்ந்திருக்கும் என்பதால் அவற்றைத் தூக்கிப் போட்டோம். இவ்வளவு தழையைக் கீரையாகச் சமைக்க முடியாதா என்று மக்சிக் கேட்டார். கூடாது, அதிலும் அதே நஞ்சுதான். தேக்காவில் வாங்கிய நாலு கிழங்கையும் சேர்த்து அந்த ஞாயிறு பூரி மசாலா செய்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

நீங்களும் பால்கனியில் கிழங்கு நட்டு, செடி இடுப்பைத் தாண்டியிருந்தால் உரத்தை உடனே நிறுத்துங்கள். பையை முழு வெயில் படும் இடத்துக்கு மெல்ல மெல்ல மாற்றுங்கள். மண்ணை ஏற்றி அணையுங்கள். மேலே காய்ந்த இலை பரப்பினால் மண் சூடாவது குறையும். செடி தானாக மஞ்சளாகும் வரை பொறுத்திருங்கள். இவை எல்லாம் செய்தாலும் இரவை மட்டும் நம்மால் மாற்ற முடியாது. என்னைக் கேட்டால், கிழங்குதான் வேண்டும் என்பவர்கள் சர்க்கரைவள்ளி நடலாம். அது நம் சூட்டுக்கு ஏற்ற கொடி. தழைக்குப் போனாலும் கவலையில்லை. அந்த இலை நல்ல கீரை.

அப்பா பாதி கேட்டார். ஆறு பைகளில் சர்க்கரைவள்ளித் தண்டும் கற்பூரவல்லியும் வைத்தார். மூன்று பைகளைக் கீழே சமூகத் தோட்டத்துக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோய், வெயில் படும் மூலையில் மறுபடியும் உருளைக்கிழங்கே நட்டார். இந்த முறை நீல உரம் இல்லை. வெள்ளைத் துணியால் பைகளைச் சுற்றியிருக்கிறார். சமையலுக்கு வாங்கிய வெப்பமானியைத் தினமும் காலை ஆறரைக்கு மண்ணில் குத்தி, எண்ணை நாள்காட்டியின் ஓரத்தில் எழுதுகிறார். 25, 25, 26, 25. இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, நேற்று 23. செடி இப்போது அவர் முழங்கால் உயரம்.