ஊரை விட்டவருக்கே ஊர்ப்பெயர்

இங்கிலாந்துக்குக் குடிவந்த தமிழர் நிரப்பும் படிவங்களில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் காத்திருக்கும். பெரும்பாலோர் அதில் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். மனைவிக்குக் கணவன் பெயர். அதற்குப்பின் வங்கியும் ஆஸ்பத்திரியும் அப்பாவையே கூப்பிடும், திரும்பிப் பார்ப்பது மட்டும் நாம். வெள்ளைக்காரனுக்கு வம்சப் பெயர் உண்டு, நமக்கு இல்லை, அதனால் இந்த ஒட்டுவேலை என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். அது சரியில்லை. கட்டத்தில் எழுத நம்மிடம் ஊர் இருக்கிறது. அவர்களில் பலர் எழுதுவதும் ஊரைத்தான்.

1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் பெயருக்கு முன்னால் நிற்கும் சர்வபள்ளி, நெல்லூர்ப் பக்கத்துக் கிராமம். தெலுங்கில் இதற்கு இன்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர் என்பார்கள். சர்வபள்ளியிலேயே இருந்துவிட்டவனை யாரும் சர்வபள்ளிக்காரன் என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்பிப் போனவனுக்குத்தான் ஊர் பெயராக ஒட்டும். ஆங்கிலேயர் கதையும் இதேதான். வாஷிங்டன் என்பது வடகிழக்கு இங்கிலாந்தில் ஓர் ஊர். அங்கிருந்த குடும்பம் பெயரைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனது, பிறகு வர்ஜீனியாவுக்குக் கப்பலேறியது. ஜார்ஜ் வாஷிங்டன் அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் பெயரில் ஒரு தலைநகரமும் ஒரு மாநிலமும் எழுந்தன. லிங்கனும் அப்படியே: இங்கிலாந்தின் ஊர் குடும்பப் பெயராகி, ஜனாதிபதி வழியாக நெப்ராஸ்காவில் மறுபடி ஊரானது. 1931இல் ராதாகிருஷ்ணனுக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். பட்டத்துக்குப் பின்னால் இட்ட பெயர் வருவது அவர்கள் மரபு. ஐசக் நியூட்டன் சர் ஐசக் ஆவார். வரிசைப்படி பார்த்தால் இவர் சர் சர்வபள்ளி. ஆபிரகாமை விட்டுவிட்டு சர் லிங்கன் என்பது மாதிரி!

ஜான்சன், வில்லியம்சன் எல்லாம் அப்பா பெயர்தானே என்று கேட்கலாம். உண்மைதான். வேல்ஸில் நம்மைப் போலவே தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பெயர் மாறிவந்தது. ‘ஆப்’ என்றால் மகன். ஆப் ஹவெல் இறுகி பவல் ஆனது, ஆப் ரீஸ் ப்ரைஸ் ஆனது. ஆங்கிலேய நிர்வாகத்தின் கீழ் அந்தப் பெயர்கள் உறைந்தன. இன்று கட்டத்தில் எழுதும் சுப்பிரமணியமும் அப்படி உறைந்து, முகம் தெரியாத ஒரு தாத்தாவைக் கொள்ளுப்பேத்தி சுமப்பாள். சாதி வெளிப்பட்டுவிடாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து சாதிப் பட்டத்தை உதறப் பழகியவர்கள் நாம். தெலுங்கு வீட்டுப் பெயர் பல இடங்களில் சாதியைச் சொல்லிவிடும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் திருத்தணி என்று எழுதினால் அது எந்தச் சாதியும் இல்லை. மலையேறும் எல்லாருக்கும் அதே படிகள்தான். ஊரே கைமாறினால்? மாறியிருக்கிறது. வட ஆர்க்காட்டில் இருந்த திருத்தணி 1911இல் சித்தூரோடு போய், 1953இல் ஆந்திராவுக்குள் விழுந்து, ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. மாவட்டம் மாறியது, பெயர் மாறவில்லை. ஊர்ப்பெயர் தலைமுறை தாண்டாது என்பவர்கள் சீர்காழி கோவிந்தராஜனின் மகன் சீர்காழி சிவசிதம்பரத்தை நினைத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே ஏறிவிட்ட பெயரை மாற்றுவது வீண் அலைச்சல், அதை விட்டுவிடலாம். இனிப் பிறக்கும் பிள்ளைக்கு அந்தத் தடை இல்லை.

பெண்களுக்குத்தான் இதில் கூடுதல் லாபம். ஊர் அவளுக்கும் சொந்தம். கணவன் பெயர் அப்படியல்ல. சென்னையில் எட்வர்ட் எலியட்ஸ் சாலை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆகிவிட்டது, சர்வபள்ளி பலகையில் ஏறவில்லை. எலியட் இன்னும் கடற்கரையில் இருக்கிறார். அந்தக் கடற்கரை இருக்கும் பெசன்ட் நகரோ, அன்னி அம்மையார் 1873லேயே பிரிந்துவந்த பாதிரியார் கணவரின் குடும்பப் பெயரை பஸ் பலகைகளில் இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.