கும்டாவில் தாளி தோய்

மங்களூரிலிருந்து வடக்கே போகும் பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைப்பது பாக்கியம். ஹொன்னாவர் அருகே ஷராவதியைக் கடக்கும் பாலம் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கொங்கண் ரயில் பாதையில் இதைவிடப் பெரிய பாலம் கிடையாது. அதைத் தாண்டினால் சற்று நேரத்தில் கும்டா. கோகர்ணம் பக்கத்தில்தான், ஆனால் நான் கோயிலுக்கோ கடற்கரைக்கோ போகவில்லை. பல காலமாக என் அலமாரியில் இருக்கும் ஒரு சமையல் புத்தகத்தை, அது சொல்லும் மண்ணிலேயே வைத்துச் சமைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

புத்தகம் ‘ரசசந்திரிகா’. அம்பாபாய் சம்சி எழுதியது. மும்பையிலுள்ள சாரஸ்வத மகிளா சமாஜம் 1943இல் மராத்தியில் வெளியிட்டது. என்னிடம் இருப்பது பின்னால் வந்த ஆங்கிலப் பதிப்பு. கொங்கணி பேசும் சித்ராபூர் சாரஸ்வதர்களின் வீட்டுச் சமையல் முழுக்க அதில் இருக்கிறது. அவர்களின் மடம் கும்டாவுக்குத் தெற்கே ஷிராலியில். பிழைப்புக்காக மும்பை போனவர்கள் காம்தேவி, தாட்தேவ் பக்கம் ஒன்றாகக் குடியேறினார்கள். மாமியார் அருகில் நின்று கற்றுக்கொள்ள வழியில்லாமல் அங்கே குடித்தனம் வைத்த பெண்களுக்கு இந்தப் புத்தகம்தான் துணை. கைவைத்தியமும் பண்டிகை விவரங்களும்கூட இதில் உண்டு. குழந்தைக்கு ராத்திரியில் வயிறு வலித்தால் எழுப்பிக் கேட்க அந்த வீட்டில் பெரியவர்கள் இல்லையே!

கும்டாவில் எனக்குச் சமைத்துக் காட்டியவர் என் தோழியின் அம்மா. மும்பையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, கணவர் ஓய்வு பெற்றதும் சொந்த ஊர் திரும்பியவர். ‘பாச்சி’ என்று கூப்பிடு என்றாள் தோழி, சின்னம்மா முறை. கல்யாணத்தின்போது தாயார் கொடுத்தனுப்பிய மராத்திப் பிரதி பாச்சியிடம் இருக்கிறது. அதை வாசித்து எனக்குக் கன்னடத்தில் சொல்லுவார். நான் என் ஆங்கிலப் பிரதியில் விரல் வைத்துத் தொடர்வேன்.

மதியத்துக்குத் தாளி தோய், உருளைக்கிழங்கில் செய்யும் பட்டாட்டே சாங், காராமணிக்காய் உப்கரி. உப்கரி நம் பொரியல்தான். அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. தாளி தோய் அப்படியில்லை. துவரம்பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, நீளவாக்கில் கீறிய பச்சைமிளகாயும் தட்டிய இஞ்சியும் உப்பும் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். புளி இல்லை, தக்காளி இல்லை, வெங்காயம் இல்லை. பாச்சி வீட்டில் மஞ்சள்தூளும் இல்லை. கட்டிப் பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்து வைத்திருந்தார். பச்சைமிளகாயின் நிறம் மங்கிய பிறகே அதை ஊற்றினார். தேங்காயெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியதும் மூடியைப் போட்டு, “இப்போது திறக்காதே” என்றார். திறந்தபோது எழுந்த பெருங்காய மணத்துக்காகவே இன்னொரு தடவை இந்த ரயிலேறலாம்.

இதற்குச் செய்முறை எழுதினால் சில வரிகள்தான் வரும். அதைப் படித்து வீட்டில் செய்தபோதெல்லாம் வெறும் பருப்புத் தண்ணியாகவே தோன்றியது எனக்கு. சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அந்தச் சில வரிகள் போதும். மிளகாய் எவ்வளவு வேக வேண்டும், சாம்பாரைவிட எவ்வளவு நீர்க்க இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் நாக்கிலேயே இருக்கிறது. சாப்பிடாதவர் ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

சாங்குக்கு வெங்காயம் வாங்க ஹந்திகோண் வரை ஆட்டோவில் போனோம். ஏப்ரல், மே மாதங்களில் நெடுஞ்சாலை ஓரமெங்கும் கும்டா வெங்காயத்தைத் தாளோடு சடைசடையாகப் பின்னித் தொங்கவிட்டிருப்பார்கள். பச்சையாகக் கடித்தால் தித்திக்கிறது. அதைப் பொடியாக நறுக்கித் தேங்காயெண்ணெயில் சிவக்க வதக்கி, பியாடகி மிளகாயும் புளியும் சேர்த்து அரைத்த விழுதைப் போட்டுச் சுருள வதக்கினார். பியாடகியில் நிறம் அதிகம், காரம் குறைவு. அதனால் தாராளமாகவே போட்டார். கடைசியில் வேகவைத்த உருளைக்கிழங்கு.

“மும்பையில் கிடைக்கிற வெங்காயத்துக்கு ஒரு சிட்டிகை வெல்லம் போடுவேன். இங்கே அந்த வேலை இல்லை” என்றார் பாச்சி.

புழுங்கலரிசிச் சோற்றைக் குழித்துத் தாளி தோயை ஊற்றினார். பக்கத்தில் செக்கச்செவேலென்று சாங், ஒரு அப்பளம், மலையிலிருந்து வரும் மாவடு ஊறுகாய். பருப்பின் சாதுவான ருசிக்கு சாங்கின் உறைப்பும் புளிப்பும் அத்தனை பொருத்தம். இரண்டையும் தனித்தனியாக ருசி பார்த்து மதிப்பெண் போடுவது தப்பு. ஒரு தட்டில் சேரத்தான் அவை பிறந்திருக்கின்றன. நான் மூன்றாம் முறை சோறு கேட்டபோது பாச்சியின் முகத்தில் தெரிந்த திருப்தி என் அம்மாவுக்கும் வரும்.

பத்ரோடே செய்து காட்டுங்கள் என்று கேட்டேன். சேப்பிலையில் அரிசியும் மிளகாயும் அரைத்த விழுதைத் தடவி, அடுக்கிச் சுருட்டி ஆவியில் வேகவைக்கும் பண்டம். பாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. கோடையில் கிடைக்கும் இலை தொண்டையை அரிக்குமாம்.

“மழை பிடித்த பிறகு கொல்லையிலேயே முளைக்கும். ஆடியில் வா, செய்யலாம்” என்றார்.

டிக்கெட் போட்டுவிட்டேன்.