இல்லமும் கடனும்

மக்கட்பேறு பெருகப் பெருக வீடு சிறுத்துக் காணும் என்பது இல்லறத்தார் யாவரும் அறிந்ததே. எங்கள் ஈரறை வீட்டில் மூன்றாம் மகவும் தவழத் தொடங்கவே, பெரிய வீடொன்று வாங்க நானும் என் மனைவியும் துணிந்தோம். பொருளுக்கு வழி மூன்று: ஊரிலுள்ள நன்செய்யை விற்றல், நகைகளை அடகு வைத்தல், வங்கியிற் கடன் பெறுதல். நிலம் என் அன்னையாருக்குச் சோறளிப்பது. நகை நோய்க்காலத்துக்கு உதவுவது. ஆதலின் மூன்றாம் வழியையே கொண்டோம்.

கடன் எத்தனை ஆண்டுக்கு என்னும் வினா எஞ்சி நின்றது. 30 இலட்சம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 8.5 ஆயின், 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய்; 15 ஆண்டாயின் 29,540. மாதம் 3,500 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால் வட்டியில் 9 இலட்சத்துக்கு மேல் குறையும். “மூன்று பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்குப் பின் அந்த 3,500 எங்கிருந்து வரும்?” என்றாள் மனைவி. அவள் சொல் பொருளுடைத்து.

மாறும் வட்டியில் தனிமனிதர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கிகள் தண்டம் வாங்குவதை ரிசர்வ் வங்கி 2012-ஆம் ஆண்டிலேயே தடுத்துவிட்டது. எனவே 20 ஆண்டுக்குக் கையொப்பமிட்டு, ஆண்டுதோறும் மிஞ்சுவதை முதலிற் கட்டுவதென முடிவு செய்தோம். மாணவ நண்பர்களும் ஒருநாள் இக்கணக்கைப் போட வேண்டியவரே. நீண்ட தவணையைக் குறுக்குதல் நம் கையிலுள்ளது. குறுகியதை நீட்டுதலோ பிறர் கையிலுள்ளது.