போகிக்கு எறியாத ஷூ

சென்னையில் குளிர்காலம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஓடுகிறவர்களிடம் அப்படிச் சிரிக்க முடியாது. ஐப்பசியும் கார்த்திகையும் மழையோடு போகும். மார்கழி பிறந்து, விடியற்காலை 21 டிகிரிக்கு இறங்கினால்தான் எங்களுக்குச் சீசன். மாசி பாதியில் மறுபடி சட்டையைப் பிழியலாம். நடுவில் மிஞ்சுவது இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது என்பது என் பேராசை.

2025 ஜனவரி 5-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சென்னை மாரத்தானை ஓடி முடித்தேன். நேப்பியர் பாலத்தில் இருட்டில் கிளம்பி, ஈ.சி.ஆர். வெயிலில் முடிந்த 42.195 கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் 5 மணி 12 நிமிஷம். வயது 47, வேலை கணக்கு எழுதுவது. இந்த உடம்புக்கு அது இமயமலை. மெடலை இரண்டு நாள் கழற்றவில்லை. பால்காரர்கூடப் பார்த்துவிட்டார்.

எங்கள் வீடு வெங்கட்நாராயணா ரோட்டுக்குப் பின்னால், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. திங்கட்கிழமை மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன். தொடைகள் கல்லாகியிருந்தன. வியாழக்கிழமை அதே படியில் துள்ளி இறங்கினேன். வலி போய்விட்டது. வலி போனால் புண் ஆறியாயிற்று என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்தேன்.

எங்களோடு ஓடுகிற பெரியவர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார்: "மைலுக்கு ஒரு நாள் தம்பி. 26 மைல் ஓடியிருக்கே, 26 நாள் சும்மா இரு." மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஜனவரி 31. சீசனே முடிந்துவிடும்! தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். நான்கு மாதமாக அதிகாலை நான்கு மணி அலாரத்தைப் பொறுத்துக்கொண்டவள் என் மனைவி. அவளுக்குச் சர்க்கரை எல்லையில் இருந்தது, தினம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். "தனியாப் போக சோம்பலா இருக்கு, நீங்களும் வாங்களேன்" என்று செப்டம்பரிலேயே கேட்டாள். "மாரத்தான் முடியட்டும்" என்றேன். அக்டோபரில் கேட்டபோதும் அதே பதில். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

போகி 13-ஆம் தேதி, மாரத்தான் முடிந்து எட்டாம் நாள். முந்தின ராத்திரி பழையது கழிக்கும்போது என் ஷூவைத் தூக்கிக் காட்டினாள். அடிப்பகுதி ஒரு பக்கம் மழமழவென்று தேய்ந்திருந்தது. எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ஷூ.

"இதையாவது எறியலாமே?"

"ரப்பரையெல்லாம் போகியில எரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன், சுற்றுச்சூழல் அக்கறையோடு.

மறுநாள் விடியற்காலை அதே ஷூவில் கிளம்பினேன். தெருமுனைகளில் பாயும் முறமும் எரிந்து, தி.நகர் முழுக்கப் புகைமூட்டம். எந்தப் புத்திசாலியும் ஓடாத காலை. ஆனால் என்ன சுகம் அந்த ஓட்டம்! நான்கு மாதப் பயிற்சியும் ஒரு வார ஓய்வும் சேர்ந்து மூச்சு அவ்வளவு லேசாக இருந்தது. பத்து கிலோமீட்டர். தைப்பொங்கலன்று எட்டு. அதற்கடுத்த வாரம் மொத்தம் ஐம்பது. நடைத்துணை விஷயம் "பிப்ரவரியில் பார்க்கலாம்" ஆனது.

ஜனவரி கடைசியில் இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்பக்கம், ஒரு வலி வந்தது. ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடம். ராத்திரி விரலால் அழுத்தினால் சுருக்கென்றது. தைலத்தை எடுத்துக்கொண்டு பாத்ரூமில் தாழ் போட்டுத் தடவினேன். வாசனையை மறைக்க முடியுமா? "சளி" என்றேன். அவள் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன். ரசம் நன்றாக இருந்தது.

பிப்ரவரி முதல் ஞாயிறு. ஜி.என். செட்டி ரோட்டில், வாணி மகாலைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். நடைபாதையிலிருந்து ரோட்டுக்கு இறங்க இடது காலை ஊன்றினேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கால் மட்டும் தாங்க மறுத்தது. ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன்: 7.4 கிலோமீட்டர். இன்னும் 2.6 இருந்தால் பத்து. நம்புங்கள், நொண்டியபடியே ஓட ஆரம்பித்தேன். இருபது அடி போயிருப்பேன்.

பூக்கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த அம்மா, "என்னா சார், முள்ளு குத்திருச்சா?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. பத்து நாளாக வீட்டிலும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாத்ரூம் தாழ், தைலம், சளி, ரசம். குடிக்கிறவன் பாட்டிலை ஒளிப்பதுபோலக் கால்வலியை ஒளித்து வைத்திருக்கிறேன். அதுவும் ஓடினால் ஆரோக்கியம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு. மணிக்கட்டில் கடிகாரம் நின்றுவிட்ட ஓட்டத்தைத் தொடரலாமா என்று கேட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா நகர்ந்து, சுவரோரம் உட்கார இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். ஆட்டோ வர இருபது நிமிஷம் ஆனது. அவர் இரண்டு முழம் கட்டி முடித்திருந்தார்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் சந்தோஷப்படவில்லை. "இந்த மாதிரி விரிசல் ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது சார்" என்று எம்.ஆர்.ஐ. எழுதினார். அதில் தெரிந்தது.

"ஆனா மூச்சு அவ்வளவு நல்லா இருந்துதே டாக்டர்?"

"மூச்சு சீக்கிரம் தேறிடும். எலும்பு தேறாது" என்று விளக்கினார். அளவுக்கு மேல் அடிவாங்கிய எலும்பைச் சரிசெய்ய, உடம்பு முதலில் பழுதான பகுதியை அரித்து எடுக்குமாம். அது சில வாரம். அப்புறம்தான் புதிதாகக் கட்டும், அது சில மாதம். நடுவில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். வலி இல்லாததால் நமக்கு அது தெரியாது. "நீங்க எங்கே இருக்கீங்க?" என்று கேட்டார். தி.நகர் என்றேன். "பனகல் பார்க் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டியிருக்காங்களே. தோண்டின குழி மேலயே பஸ் விடுவாங்களா? நீங்க விட்டிருக்கீங்க."

எட்டு வாரம் ஓடக் கூடாது. முதல் சில வாரம் நடையும் வீட்டுக்குள் மட்டும். படி ஏறி இறங்க முடியாததால் பாதி நாள் மூன்றாவது மாடியிலேயே கிடந்தேன். மாசி வந்தது, சீசன் போனது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது வேறு. முதல் வாரமே ஒருநாள் காலை ஐந்தரைக்குக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டு விழித்தேன். அவள் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். மூவரும் பேசிக்கொண்டே நடேசன் பூங்கா பக்கம் திரும்பினார்கள். தைலம் விஷயத்தை அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "சளிக்குக் கால்ல தடவுறவங்கள நான் பார்த்ததே இல்ல" என்றாள். பாத்ரூம் தரையில் தைலக் கறை இருந்ததாம். முதல் நாளே தெரியும்.

பங்குனியில் டாக்டர் வெளியே நடக்க அனுமதித்தார். வெயில் ஏறுவதற்குள் அவளோடு பூங்காவுக்குப் போனேன். மூன்றாவது சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் தோழிகளும் என்னைத் தாண்டிப் போனார்கள், இன்னொரு தடவையும் தாண்டினார்கள்.

இப்போது மெதுவாக ஓடுகிறேன். வாரம் மூன்று நாள், புது ஷூ. மற்ற நாட்களில் பூங்கா. நான் நாலு சுற்று நடக்கிறேன். அவள் ஏழு.